கதவடித் துரை

ரீவியில் ஆங்கில நாடகத்தில் யாருக்காவது துக்கச் செய்தி வரப்போகிறது என்றால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். கதவு தட்டுகிற சத்தம் கேட்கும். வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறப்பாள். வெளியே கறுப்புக் கோட்டோடு, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி அவர் நிற்பார். ஒரு நாடகத்தில் பொலிஸ் இன்ஸ்பெக்டர், இன்னொன்றில் டொக்ரர், வேறொன்றில் பாதிரியார். உடுப்பு மாறும், செய்தி மாறாது. இரண்டு வசனம் சொல்லுவார். வீட்டுக்காரி விழுந்து அழுவாள். அவர் திரும்பிப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

இப்படி ஒரு மனிதரைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு, அதுவும் ஊரில் சண்டை நடக்கிற காலத்தில், எங்கள் அம்மா எப்படி நிம்மதியாக இருப்பா?

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஓர் உயரமான அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் இருந்தோம். நான், என் கணவர், அம்மா. என் கணவர் பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்தார். இருட்டோடு போய் இருட்டோடு வருவார். எங்கள் சுவருக்கு மற்றப் பக்கத்தில் இந்த மனிதர் தனியாக இருந்தார். இங்கிலாந்துக்காரர். இளம் வயதில் ஒரு நாடகக் குழுவோடு ரொறன்ரோவுக்கு வந்தவர். குழு திரும்பிப் போய்விட்டது, இவர் நின்றுவிட்டார். ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் ஒருமுறை ஒரு பெண்ணைக் காரணம் சொல்லுவார். இன்னொருமுறை சளிக்காய்ச்சல் என்பார். கப்பலைத் தவறவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றையும் முழு நம்பிக்கையோடு சொல்லுவார். நானும் மூன்றையும் நம்பினேன்.

அவர் பெரிய நடிகர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் பெயரை யாருக்கும் தெரியாது. முகத்தைத்தான் தெரியும். கடையில், பஸ்ஸில், யாராவது அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களை எங்கோ கண்டிருக்கிறேன், நீங்கள் எங்கள் பல் டொக்ரரா?" என்று கேட்பார்கள். "இல்லை, உங்கள் கணவர் செத்துப்போனதாகச் சொல்ல வந்தவன்" என்பார் இவர். பிறகு இருவருமாகச் சிரிப்பார்கள். நான் இரண்டு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நீண்ட முகம். கண்ணுக்குக் கீழே இரண்டு பை. சும்மா இருக்கும்போதும் யாருக்கோ அனுதாபம் சொல்வது போலிருக்கும். ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த ஆளோ சரியான பகிடிக்காரர். லிஃப்ற்றில் ஏறினால் பாட்டு முணுமுணுப்பார். கிழவிகளின் தொப்பிகளைப் புகழ்வார். சமைக்கத் தெரியாது. வாரத்தில் ஒரு நாளாவது எதையாவது கருக்கி, நெருப்பு மணியை அடிக்கவைத்து, முழுக் கட்டடத்தையும் கீழே இறக்குவார். "இந்த முகத்துக்குக் காதலி கிடைக்கமாட்டாள் என்று என் முதல் டைரக்டர் சொன்னான். ஆனால் வேலைக்குப் பஞ்சம் வராது, மனிதர்கள் செத்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்றும் சொன்னான்" என்பார்.

ரொறன்ரோவைப் பற்றியும் அவருக்கு ஒரு கதை இருந்தது. இங்கே எடுக்கிற படங்களில் இந்த ஊர் நியூயோர்க்காக நடிக்கும், சிக்காகோவாக நடிக்கும், ஆனால் ரொறன்ரோவாக நடிக்க ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். "அதனால்தான் நான் இங்கே தங்கினேன். இதுவும் என்னைப் போலத் துணை நடிகர்தான்" என்பார். இது நாலாவது காரணம்.

அவருடைய ஆங்கிலத்தை நான் தமிழில்தான் எழுதுகிறேன். அந்த உச்சரிப்பு எனக்கு வராது. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டுக்குள்ளும் போகமாட்டார். எங்கள் கடிதம் தவறி அவர் பெட்டிக்குள் விழுந்தால் கொண்டுவந்து தருவார். கருகிய சட்டியைத் தேய்க்க என்ன போடலாம் என்று கேட்க வருவார். எல்லாம் கதவடியில் நின்றபடிதான். தொப்பி கையில் இருக்கும். நான் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டால், "வேண்டாம் அம்மணி, என் தொழில் முழுக்க வாசலோடுதான். உள்ளே வந்தால் எனக்கு வசனம் கிடையாது" என்பார்.

இதுதான் அம்மாவின் மனதை அரித்தது.

"ஏன் பிள்ளை உந்த மனுசன் உப்பிடி நிக்குது? உள்ளுக்கை வாறதெண்டா வரவேணும். இல்லையெண்டா வரக்கூடாது. செத்தவீடு சொல்ல வாறவனெல்லே உப்பிடி நிப்பான்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் சாவு என்றால் அதை அறிவிக்க ஓர் ஆள் வீடு வீடாகப் போவார். வேலிக் கதவான படலையோடு நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே வரமாட்டார். வீட்டுக்காரரும் "வாங்கோ" என்று சொல்லமாட்டார்கள். தண்ணீர் வெந்நீர் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இது இரத்தத்தில் ஊறிய விஷயம். ரீவியில் இவர் செய்வதும் அதுதான், எங்கள் வாசலில் செய்வதும் அதுதான். அவருக்குக் கதவடித் துரை என்று பெயரும் வைத்துவிட்டா.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற அறையில் அவரைக் கண்டபோது இந்த வழக்கத்தைப் பகிடியாகச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மனிதர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். கண் பளபளக்கிறது. அந்த ஆள் எங்கே நிற்பான்? படலைக்கு வெளியேயா, படலையில் சாய்ந்தா? கையை எங்கே வைத்திருப்பான்? முகத்தைப் பார்த்துச் சொல்லுவானா, நிலத்தைப் பார்த்தா? செருப்பைக் கழற்றுவானா?

"எப்படிக் கழற்றுவான்? அவன் உள்ளே வரப்போவதில்லையே" என்றேன்.

"அப்போ அவன் உள்ளே வந்துவிட்டால்?"

"உள்ளே வந்தால் அது செத்தவீட்டுச் செய்தி இல்லை."

"அருமை" என்றார். "அப்படியென்றால் வசனமே தேவையில்லை. நான் இத்தனை காலமும் வீணாகப் பேசியிருக்கிறேன்."

அன்றைக்குத்தான் தன் சின்ன வயதுக் கதையையும் சொன்னார். அவர்களுடைய பெரிய யுத்தம், இரண்டாவது உலக யுத்தம், முடிகிற நேரம். அப்பா கடற்படையில். தெருவில் தந்திக்காரனின் சைக்கிள் வந்தால் எல்லா வீட்டு யன்னல் சீலையும் ஆடும். ஒருநாள் அவன் இவர்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். இவருடைய அம்மா கதவைத் திறந்தார், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னரே விழுந்துவிட்டார். அவன் வழி கேட்க வந்தவன். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக்குப் போகவேண்டும், இலக்கம் தெரியவில்லை.

"வழி சொன்னீர்களா?"

"நான்தான் கையைக் காட்டினேன்" என்றார். "அவ்வளவு சந்தோஷமாகக் காட்டினேன். பிறகு பல நாள் அந்த வீட்டுப் பக்கமே நான் போகவில்லை."

பிறகு உடுப்புகளை ஒவ்வொன்றாக உதறி மெஷினுக்குள் போட்டார்.

அவருடைய ரெலிபோனைப் பற்றியும் சொல்லவேண்டும். சுவரில் மாட்டிய பழைய ரெலிபோன். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ஒரே நம்பர். நடிகன் நம்பரை மாற்றக்கூடாது, எந்த டைரக்டர் எந்தப் பழைய புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறானோ என்பார். முதல் மணியில் எடுத்தால் பசியில் இருக்கிறான் என்று நினைப்பார்களாம், மூன்றாவதில் எடுத்தால் மறந்துவிடுவார்களாம். அதனால் எப்போதும் இரண்டாவது மணியில் எடுப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம்.

நாங்களோ மலிவாக எது வருகிறதோ அந்தக் கம்பனிக்குத் தாவுகிற ஆட்கள். தாவும் ஒவ்வொரு முறையும் நம்பர் மாறும். நான் கனடாவுக்கு வந்த புதிதில் எங்களுக்குப் போனே இல்லை. அவசரத்துக்கு என்று இவருடைய நம்பரைத்தான் கேட்டு ஊருக்கு எழுதினேன். அப்பா அதை என் தங்கச்சி வசந்திக்கு வாய்ப்பாடு போலப் பாடமாக்கிவிட்டார். பிறகு அப்பா போய்விட்டார், அம்மாவை நான் கூப்பிட்டுக்கொண்டேன். வசந்தி கல்யாணம் கட்டி வன்னியில் இருந்தாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் புருஷனும் இல்லை என்றாகிவிட்டது. அந்த நம்பரை நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம்.

2009இல் சண்டை முடிகிற மாதங்களில் வசந்தியிடம் இருந்து ஒரு செய்தியும் இல்லை. ஒருவர் அவளைக் கண்டதாகச் சொல்லுவார், இன்னொருவர் அந்த இடத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பார். டவுன்ரவுனில் ஊர்வலம் என்றால் அம்மா வசந்தியின் கல்யாணப் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குளிருக்குள் போய் நின்றா. வீட்டுக்கு வந்தால் போனுக்குப் பக்கத்தில் இருந்தா. சோறு போட்டால் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவா. நான் கோபத்தில் கத்துவேன், பிறகு குளியலறைக்குள் போய் அழுவேன். எனக்கு ஒரே தங்கச்சி.

அந்த மாதங்களில் துரை எங்கள் கதவைத் தட்டவே இல்லை. எங்கள் கடிதங்களைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். லிஃப்ற்றில் அம்மாவைக் கண்டால் படியால் இறங்குவார். அந்த முகத்தை அம்மா பார்க்கக்கூடாது என்று அவர் ஒளித்துத் திரிகிறார் என்பது எனக்கு விளங்கியது. அந்த மரியாதைக்கு நான் நன்றி சொன்னதில்லை. சொல்லுகிற நிலையில் நான் இல்லை.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. முடிந்துவிட்டது என்றால் என்ன? எங்கள் ஆட்கள் எங்கே? முகாம்களில் இருக்கிறார்கள் என்றார்கள். யார் யார் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு காலை. நான் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டு நின்றேன். கதவு தட்டுப்பட்டது. மூன்று தட்டு, நடுவில் ஒரே அளவு இடைவெளி. அம்மாதான் போய்த் திறந்தா.

அங்கே கறுப்புக் கோட்டோடு, கழுத்துப்பட்டியோடு, மினுக்கிய சப்பாத்தோடு, தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி துரை நிற்கிறார்.

அம்மா வாயில் அடித்தா. "ஐயோ, என்ரை பிள்ளை! என்ரை குஞ்சுகளே!" என்று வைத்த ஓலத்தில் பருப்புச் சட்டி என் கையால் விழுந்தது. நான் ஓடி வந்து பார்த்தபோது அம்மா நிலத்தில் இருந்து தலையில் அடிக்கிறா. எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. மட்டக்களப்பு அன்ரி, தன் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தவ, ஒன்றும் கேட்கவில்லை. ஓடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தா. "என்ட ராசாத்தி, உனக்கா இது?" என்று அவவும் தொடங்கிவிட்டா.

துரை பேசினார். அவருடைய வாய் அசைந்ததைக் கண்டேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற அந்தக் குரல் இரண்டு தமிழ்ப் பெண்களின் ஒப்பாரிக்கு முன்னால் எடுபடவில்லை. என்னைப் பார்த்தார், தலையை இடமும் வலமும் ஆட்டினார். இல்லை, இல்லை என்கிறார். வசந்தி இல்லை என்கிறார் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். வேறு என்ன விளங்கும்? அந்த முகத்தில் வேறு செய்தி ஒன்றை நான் ஒருநாளும் கண்டதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு நான் அனுப்பாமல் வைத்திருந்த சட்டைத் துணி ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் என் தங்கச்சி செத்துவிட்டாள். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

துரை பேசுவதை நிறுத்தினார். கீழே, கதவடியில் வாசற்படியாக இருக்கிற தகட்டைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து எங்கள் கதவுக் கைபிடியில் கொழுவினார். நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வயதான மனிதர், முழங்கால் மடியவில்லை. ஒரு சப்பாத்தின் கயிற்றை இழுத்தார். கழற்றினார். மற்றதையும் கழற்றினார். இரண்டையும் எங்கள் செருப்புகளோடு ஒழுங்காக வைத்தார். பிறகு தகட்டைத் தாண்டி உள்ளே வந்தார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அம்மாவையும் அன்ரியையும் சுற்றி நடந்து, ஒருவரும் சொல்லாமலே எங்கள் சோபாவில் போய் இருந்தார். நல்லாகச் சாய்ந்து இருந்தார்.

அம்மாவின் குரல் பாதியில் நின்றது. தலையில் அடிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"பிள்ளை," என்றா. "உவர் உள்ளுக்கை வந்திட்டார்."

அம்மா எட்டி என் காலைப் பிடித்து உலுக்கினா.

"பிள்ளை, உவர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வந்திட்டாரடி! என்ன சொல்லுறார் எண்டு கேளடி!"

கேட்டேன். துரை தொண்டையைச் செருமினார். இடியப்பச் சிக்கல் போல ஒரு முகம் வந்தது. சிரிக்கப் பார்க்கிறார், அந்த முகத்துக்குப் பழக்கமில்லை.

"உங்கள் தங்கை என்னுடைய ரெலிபோனில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினாள்" என்றார். "முகாமில் இருக்கிறாள். அவளும் இரண்டு பிள்ளைகளும். உயிரோடு இருக்கிறோம், அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள். நான் மூன்று பேருமா என்று திருப்பிக் கேட்டேன். மூன்று பேரும் என்றாள்."

ஓடி ஓடி வந்ததில் வசந்தி எல்லாவற்றையும் தொலைத்துவிட்டாள். எங்கள் நம்பர்கள் குறித்த துண்டும் போய்விட்டது. முகாமில் ஒரு புண்ணியவான் கொஞ்ச நேரம் போன் கொடுத்தபோது, அவள் வாயில் வந்தது அப்பா பாடமாக்கிவிட்ட அந்த ஒரே நம்பர்தான். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாராம். பிறகு அவளே சொன்னாள்.

நான் அழுதேன், சிரித்தேன், ஓடிப்போய் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மார்புக்குள் மாதக்கணக்காக இருந்த பெரிய கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. மூச்சு விடுவது இவ்வளவு சுகமா என்று நினைத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. துரைக்கு முன்னால் வந்து நின்றா. ஏற்கெனவே உள்ளே வந்து, சோபாவில் சாய்ந்து இருக்கிறவரைப் பார்த்து, மிக மரியாதையாக, "வாங்கோ" என்றா. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய், மனுசனுக்குத் தேத்தண்ணி வை" என்று ஏசினா.

"உங்களுக்கு மூளை இருக்கிறதா?" என்று நான் அவரைக் கேட்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "நல்ல செய்தியைக் கறுப்புக் கோட்டோடு வந்தா சொல்வது?"

"வீட்டுச் செருப்போடு எப்படி வருவது? இது பெரிய செய்தி" என்றார் அவர், உண்மையாகவே மனம் நொந்து. "எனக்கு இப்படி ஒரு வேடம் இதுவரை யாரும் தரவில்லை. என்ன உடுப்பு என்று யோசித்தே கொஞ்ச நேரம் போய்விட்டது." பிறகு தேத்தண்ணியை ஊதிக்கொண்டு கேட்டார்: "சரியாகச் செய்தேனா?"

அன்ரி கதவோரம் நின்று சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தா. அவவைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. துரையும் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய், அவவுடைய தம்பியின் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "என் நம்பரை நீங்களும் ஊருக்கு அனுப்புங்கள். நான் எங்கும் போவதில்லை" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துத் தமிழர் எல்லோரும் அவருடைய நம்பரை ஊருக்கு அனுப்பினார்கள். ராசியான நம்பர் என்று பேர் வந்துவிட்டது. வாழ்க்கை முழுக்கப் போன் வரும் என்று பார்த்திருந்த மனிதருக்கு, அந்தக் கோடை முழுக்க மணி ஓயவில்லை. காலுறையோடு மாடி மாடியாகத் திரிந்தார். கதவு திறந்தவுடன் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் இருந்துவிடுவார். வீட்டுக்காரர் கூத்தாடுவார்கள். கூடாத செய்தி வந்தால் மட்டும் என் கணவர் வேலையால் வரும்வரை லிஃப்ற்றடியில் காத்திருந்து, அவரிடம் சொல்லி அனுப்புவார். தான் போகமாட்டார். அன்ரியின் தம்பியைப் பற்றி ஒருநாளும் போன் வரவில்லை.

வசந்தியும் பிள்ளைகளும் பின்னர் இங்கே வந்து சேர்ந்தார்கள். நாங்கள் விட்பிக்கு வீடு மாறினோம். துரை தன் அறையிலேயே, நித்திரையிலேயே போய்விட்டார் என்று கட்டடத்துக்காரர் போனில் சொன்னபோது அம்மா செத்தவீட்டுக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தா. வெள்ளைக்காரர் நடுவில் அவ மட்டும் வாய்விட்டு அழுதா. ஒருவரும் தடுக்கவில்லை.

இப்போதும் மத்தியானங்களில் பழைய நாடகங்கள் போடுவார்கள். சில நாளில் கதவு தட்டுப்படும், ஒரு பெண் வந்து திறப்பாள், வெளியே இளம் வயதுத் துரை தொப்பியோடு நிற்பார். அவள் முகம் கோண ஆரம்பிக்கும். அம்மா கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குச் சொல்லுவா:

"பொறு பிள்ளை, அழாதை. அந்தாள் சப்பாத்தைக் கழட்டுதோ எண்டு முதல்ல பார்."